நகத்தில் நின்ற நீலம்

“கையை விரிடி. நீயா விரிக்கிறியா, நான் வந்து விரிக்கவா?”

“சம்பந்தியம்மா, கொஞ்சம் பொறுங்க. ஈர மஞ்சள் அப்படித்தான் தெரியும். காயட்டும்.”

“காயட்டுமா? காய்ஞ்சா இன்னும் நல்லாத் தெரியும்! எம் பையன் மேல தேச்ச மஞ்சள்ல மிச்சம்தானே இது? அவன் அங்க பொன்னு மாதிரி உக்காந்திருக்கான். உம் பொண்ணு விரல்ல மட்டும் கிளிக்குஞ்சு எங்கேருந்து வந்து உக்காந்துச்சு?”

“காலையில வெத்தலை கிள்ளினா. அந்தச் சாறு...”

“அடியம்மா! வெத்தலைச் சாறா? யாருகிட்ட அளக்கிற? நான் சாயக்காரிக்குப் பொறந்து சாயக்காரனுக்கு வாக்கப்பட்டவ. மஞ்சளுக்கு அடியில என்ன இருந்தா பச்சை வரும்னு எங்க வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்!”

இந்தச் சத்தம் வந்தபோது நான் பந்தல் காலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த நார் அப்படியே நின்றுவிட்டது. பந்தலில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள்பக்கம் திரும்பினார்கள்.

அதட்டியது மாப்பிள்ளையின் அம்மா ரக்மா. சமாளித்துக்கொண்டிருந்தது என் தங்கை துளசா. கையை மூடிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தது துளசாவின் ஒரே மகள் சகுணா. மாடுகள் வீடு திரும்பும் நேரத்துக்கு முகூர்த்தம். அப்போது உச்சிக்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது.

நான் யேமாஜி. சாஸ்வட் ஊரில் கர்ஹா ஆற்றங்கரைச் சிவப்புத் தெருக்காரன். சிவப்பு கொடுக்கும் குசும்பாப் பூவிலும் மஞ்சளிலும் சாயம் போடுவது எங்கள் பிழைப்பு. ஓடைக்கு அந்தப் பக்கம் நீலத் தெரு. அவர்களும் துணிக்குத்தான் சாயம் போடுகிறார்கள். அவர்கள் தோய்த்த நீலத் துணியை நாங்கள் வாங்குவோம். ஆனால் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டோம், ஒரே பந்தியில் உட்கார மாட்டோம், பெண் கொடுக்க மாட்டோம். நீலம் ஊறும் தாழி அழுகி நுரைத்தால்தான் நிறம் கொடுக்கும். பூச்சி புழு அதில் விழுந்து சாகும். அந்தத் தாழிக்குள் கை விட்டவள் எங்கள் சாதியில் இல்லை. எங்கள் தெருவின் கட்டு இது.

சகுணா அந்தத் தாழிக்குள் கை விட்டிருந்தாள். ஒரு நாள் இல்லை, ஆறு மாதம்.

எனக்குத் தெரியும். தெரியாது என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை.

துளசாவின் புருஷன் கூடாரத் துணிக்குச் சாயம் போடப் படையோடு வடக்கே போனவன். பானிபட் சண்டைக்குப் பிறகு திரும்பவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆள் வரவில்லை. அதனால் அவள் வளையலை உடைக்கவும் இல்லை, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கவும் இல்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் மழை பொய்த்தது. குசும்பாப் பூ விளையவில்லை. பூ இல்லாத சிவப்புத் தெருவில் வேலை எங்கே இருக்கும்? என் வீட்டிலேயே ஒருவேளைதான் அடுப்பு எரிந்தது. தசராவுக்குப் பிறகு ஒரு நாள், விடியற்காலையில் சகுணா ஓடையைத் தாண்டி வந்ததைப் பார்த்தேன். தலையில் சோளக்கூடை, கைகள் முந்தானைக்குள். என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் வேறு பக்கம் திரும்பி ஆற்றுக்குப் போய்விட்டேன். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் நான் பேச வேண்டும். அன்று மாலை துளசா சோள ரொட்டி கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டேன்.

மாசி முடிந்து நிச்சயம் பேசினோம். சகுணா தாழிக்குப் போவதை நிறுத்தினாள். நிச்சயத்தன்று கையில் நீலம் தெரியாமலிருக்க, மிச்சமிருந்த குசும்பாச் சாயத்தில் கையை முக்கி எடுத்தாள். நீலத்தின்மேல் சிவப்பு ஏறினால் கறுஞ்சிவப்பாகும். சாயக்காரி கை கறுஞ்சிவப்பாக இருந்தால் யார் கேட்பார்கள்? அந்தக் கையாலேயே எல்லோருக்கும் போளி பரிமாறினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எலுமிச்சை, சாம்பல், புளி எல்லாம் போட்டுத் தேய்த்தாள். தோல் வெளுத்துவிட்டது. நகத்தில் மட்டும் நீலம் நின்றது. ஓட்டாஞ்சில்லால் சுரண்டி நகமே காகிதம் மாதிரி மெலிந்துவிட்டது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டு மஞ்சள் கிண்ணத்தில் வந்தது. பெண்கள் பூச வந்தபோது, நகம் தெரியக் கூடாதே என்கிற பதற்றத்தில் சகுணா தானாகவே இரண்டு கையையும் கிண்ணத்துக்குள் விட்டிருக்கிறாள்.

நீலத்தின்மேல் மஞ்சள். பிறந்ததிலிருந்து சாயத்தில் வளர்ந்த பெண். பயத்தில் அது கூட மறந்துபோயிற்று.

நான் உள்ளே போனேன். பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். ரக்மா சகுணாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியிருந்தாள். பத்து விரல் நுனியிலும் பச்சை.

“மாமா” என்றாள் சகுணா.

“வாங்க மாமாக்காரரே!” என்றாள் ரக்மா. “நீங்களே பாருங்க. பச்சை வளையல் போடச் சொன்னா பச்சை விரலே போட்டு அனுப்புறீங்க. நல்ல சீரு!”

“ரக்மா அக்கா, ஊர் சிரிக்கும். மெதுவாப் பேசுங்க.”

“ஊர் சிரிக்கட்டும். நாளைக்கு எங்க தெருவுல என் அடுப்பை எவளும் தொடாமப் போனா அப்போ நீங்க வந்து சிரிக்க வைப்பீங்களா? எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்கணும். கூப்பிடுங்க உங்க பெரியவரை.”

எங்கள் சாதிக்குப் பெரியவர் கோண்டாஜி. அறுபது வயதுக்கு மேல். பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரைக் கூட்டி வந்தோம். அவர் வந்து சகுணாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி அவள் வலது கை மஞ்சளைக் கழுவினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரல் நகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

எங்களுக்கு நகத்தைப் படிக்கத் தெரியும். சாயம் நகத்தில் ஏறினால் போகாது. அது வளர்ந்துதான் வெளியேற வேண்டும். சகுணாவின் நகம் அடியில் பாதி வெள்ளை, மேல் பாதி நீலம். நடுவில் கோடு போட்ட மாதிரி. பாதி நகம் வளர இரண்டு மாதம். அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தக் கை முழுக்க நீலமாக இருந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் நிச்சயம்.

கோண்டாஜியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையை மெதுவாகக் கீழே விட்டார். என் காதருகே குனிந்தார்.

“மூணு போளி தின்னேன்டா நான்” என்றார். “போதும்மா போதும்மான்னு சொல்லச் சொல்ல மூணாவது வச்சா. பாவிப்பயலே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவருக்கு மட்டுமா? ரக்மாவும் சாப்பிட்டாள். அவள் புருஷன் மான்கோஜியும் சாப்பிட்டார். இரண்டு ஊர்ச் சிவப்புத் தெருவும் பந்தியில் உட்கார்ந்தது. இந்தக் கை தீட்டு என்று சொன்னால், அந்தக் கை பரிமாறியதைத் தின்ற எல்லா வாயும் தீட்டு. அத்தனை பேரும் பிராயச்சித்தத்துக்குப் சாதித் தீர்ப்புச் சொல்லும் பைத்தண் ஊர்ப் பிராமணர்களிடம் போய் நிற்க வேண்டும்.

கோண்டாஜி தொண்டையைச் செருமினார். “ஒண்ணும் இல்லம்மா. மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்திருக்கு.”

“சுண்ணாம்பு கலந்தா சிவக்கும், பெரியவரே” என்றாள் ரக்மா. “பச்சையாகாது. வயசானா சாயம் கூடவா மறந்துபோகும்? அதுவும் போக, மஞ்சள் எங்க வீட்டுது. எங்க மஞ்சள்ல குறைன்னு சொல்றீங்களா?”

பெண்களில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கோண்டாஜிக்குக் காது சிவந்துவிட்டது.

மான்கோஜி வாசலில் நின்றுகொண்டு, “ரக்மா, முகூர்த்தத்தை வச்சுக்கிட்டு...” என்று இழுத்தார்.

“நீங்க சும்மா இருங்க. பொண்ணு அழகா இருக்கான்னு தலையாட்டினது நீங்க. அவ சமைச்ச சோத்துல ஆயுசுக்கும் கைவைக்கப் போறது நான். நீலத் தெருவிலேருந்து ஒருத்தியைக் கூப்பிடுங்க. இந்தப் பொண்ணு எந்தத் தாழியில கை விட்டான்னு அவ சொல்லட்டும். இல்லேன்னா வண்டியைப் பூட்டுங்க, நாங்க கிளம்புறோம்.”

துளசா சுவரில் சாய்ந்துகொண்டாள். வண்டி திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மணையிலிருந்து மஞ்சளோடு எழுப்பப்பட்ட பெண்ணை எந்தச் சிவப்புத் தெருவிலும் எடுக்க மாட்டார்கள். துளசா வீட்டுக்கு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். கிணற்றில் இறங்கவிட மாட்டார்கள்.

“நான் போய்க் கூட்டிட்டு வரேன்” என்றேன்.

ஓடையைத் தாண்டினேன். கிர்ஜாவின் வீடு முதல் வீடு. சகுணா வேலை செய்தது அவளிடம்தான். கிர்ஜா வாசலில் நீலத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் நீலம். இடுப்பில் துணியால் கட்டிய கைக்குழந்தை.

“வாங்கண்ணே. கல்யாண வீட்டுக்காரருக்கு இங்க என்ன வேலை? அழைக்க வந்தீங்களா?” என்று சிரித்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“மருதாணியாவது வச்சு விட்டிருக்கலாமே அந்தப் பொண்ணுக்கு.”

“நீலத்து மேல கறுப்பாகும்னு துளசா வேணாம்னுட்டா.”

“ஆமா, அதுவும் சரிதான்.” குழந்தையைச் சரிசெய்துகொண்டாள். “இப்ப நான் வந்து என்ன சொல்லணும்?”

“சகுணா உன் தாழிப் பக்கமே வந்ததில்லன்னு.”

“ஆறு மாசம் வந்தா. குளிருல விரல் வெடிச்சு ரத்தம் வந்துச்சு, அப்பவும் வந்தா. என் குழந்தை பொறந்தப்போ எனக்குப் பதிலா தாழியைக் கலக்கினா. வந்ததே இல்லன்னு சொல்லணுமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “கிர்ஜா, அவ வாழ்க்கைம்மா” என்றேன்.

“தெரியுது, தெரியுது. அழாதீங்க, பெரிய மனுஷன். நடங்க முன்னாடி. நான் பத்தடி தள்ளி வரேன். சேர்ந்து வந்தா அதுக்கும் ஒரு பஞ்சாயத்து வைப்பாங்க உங்க ஆளுங்க.”

பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ரக்மா பந்தல் நிழலில் நின்று கேட்டாள்.

“ஏண்டி, இந்தப் பொண்ணைத் தெரியுமா?”

“தெரியுங்க. துளசா பொண்ணு. ஆத்துல துணி அலசறப்போ பாத்திருக்கேன்.”

“உன் தாழியில வேலை செஞ்சாளா?”

“எங்க தாழியிலயா?” கிர்ஜா வாய்விட்டுச் சிரித்தாள். “நல்லாக் கேட்டீங்க. உங்க ஆளுங்க எங்க நிழல் பட்டாலே ரெண்டு முழுக்குப் போடுவாங்க. தாழியில வந்து கை விடுவாங்களா? தாழியில கை விட்டா எப்படி இருக்கும் தெரியுமா? இந்தாங்க, பாருங்க.” இரண்டு கையையும் முழங்கை வரை நீட்டிக் காட்டினாள். “அந்தப் பொண்ணுக்கு நகத்துல மட்டும்தானே இருக்கு?”

“அதுதான் எப்படி வந்துச்சுன்னு கேக்கறேன்.”

“இதைக் கேக்கவா என்னைக் கூப்பிட்டீங்க? அவ கட்டிக்கிட்டிருக்கிற சேலை என்ன நிறம்?”

எல்லோரும் சகுணாவைப் பார்த்தோம். பச்சை. எங்களில் கல்யாணப் பெண்ணுக்கு வேறு என்ன நிறம்?

“எங்ககிட்ட நீலத் துணி வாங்கி, நீங்க மஞ்சள்ல முக்கினாத்தான் அந்தப் பச்சை. ஈரத்துல பிழியறப்போ நீலம் கொஞ்சம் விடத்தான் செய்யும். நகத்துல ஏறும். மாசியில பச்சைக்குன்னு துணி வாங்கினாங்க. யாரு பிழிஞ்சிருப்பா? அவதான்.” பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். “இங்க பச்சை போடுற அம்மாமாரு எல்லாரும் கொஞ்சம் கையைக் காட்டுங்களேன். பெரியம்மா, நீங்க முதல்ல காட்டுங்க.”

ரக்மாவின் கை தானாக முந்தானைக்குள் போனது. மற்ற பெண்களும் அப்படித்தான். யாரும் காட்டவில்லை. கோண்டாஜி இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சட்டென்று எழுந்தார்.

“கட்டு என்ன சொல்லுது? வெயில் பட்ட துணிக்குத் தீட்டு இல்ல. வெயில் பட்ட துணியிலேருந்து விட்ட நீலத்துக்கும் தீட்டு இல்ல. முடிஞ்சுது. பொண்ணைக் குளிக்க வச்சு மறுபடியும் மஞ்சள் பூசுங்க.”

“முடியல” என்றாள் ரக்மா. அவள் குரல் இப்போது சத்தமாக இல்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது. “இவ சொல்றது சரியாவே இருக்கட்டும். நீலக்காரி வாக்கை மட்டும் நம்பி நான் பொண்ணு எடுக்கணுமா? தாய்மாமன் இருக்காரு. வில்வமும் பண்டாரமும் எடுக்கட்டும். சகுணா கை தாழியில பட்டதில்லன்னு கண்டோபா பேரைச் சொல்லட்டும். நான் வாயை மூடிக்கறேன்.”

கண்டோபா சாமி இருக்கும் ஜேஜுரி மலை எங்கள் ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். அந்தக் கண்டோபாவின் பண்டாரம் என்கிற மஞ்சள் பொடியையும் வில்வ இலையையும் கையில் எடுத்துப் பொய் சொன்னவன் வீட்டில் விளக்கு எரியாது என்பார்கள். என் தகப்பனார் ஒரு எல்லைத் தகராறில் அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, தன் பக்கம் நியாயம் இருந்தும் நிலத்தை விட்டுக்கொடுத்தவர். இலை உதிர்ந்து விழுந்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்பார்.

தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மஞ்சள் பொடி, அதன்மேல் மூன்று இலை.

“எடுடா யேமாஜி” என்றார் கோண்டாஜி. அவர் கண் என்னைக் கெஞ்சியது.

துளசா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சகுணா பார்த்துக்கொண்டேயிருந்தாள். நான் கையை நீட்டினேன். தாம்பாளத்துக்கு மேலே கை நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. என் மகன்களின் முகம் வந்தது. ஆற்றங்கரையில் நான் திரும்பி நடந்த அந்தக் காலை வந்தது. கை இறங்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றாள் ரக்மா. “கை இறங்குதா பாருங்க! நம்ம வண்டியைப் பூட்டுங்கடா!”

“இருங்க பெரியம்மா!” வெயிலிலிருந்து கிர்ஜா கத்தினாள். “அவரு பயந்த மனுஷன். நெசத்துக்கே கை நடுங்குவாரு. நான் எடுக்கறேன். குடுங்க இங்க.”

“நீ எப்படி எடுப்ப? சாமிப் பொருளை நீ தொடுவியா?” என்றார் கோண்டாஜி.

“சரி, அதைத் தொடல.” கிர்ஜா இடுப்புத் துணியை அவிழ்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்து வெயிலில் நிறுத்திப் பிடித்தாள். அது கண்ணைக் கூசிக்கொண்டு சிணுங்கியது. அதன் உச்சந்தலையில் நீலக் கையை வைத்தாள். “இது என் பிள்ளை. இதுக்கு முன்னாடி ரெண்டு போச்சு, இதுதான் தங்கியிருக்கு. கண்டோபா அந்த மலையிலேருந்து பாத்துக்கிட்டிருக்காரு. துளசா பொண்ணு சகுணா என் தாழியில கை விட்டதில்ல. போதுமா?”

குழந்தை சிணுங்கிக்கொண்டேயிருந்தது.

மான்கோஜி முதல் முறையாக உறுதியாகப் பேசினார். “பிள்ளைத் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டா. இதுக்கு மேல என்ன ரக்மா வேணும் உனக்கு? தண்ணி ஊத்துங்க பொண்ணுக்கு.”

ரக்மா உள்ளே போனாள். போகிற போக்கில் ஒரு பெண்ணிடம், “அவ நின்ன எடத்துல சாணி தெளிங்கடி” என்றாள். கிர்ஜாவுக்கும் அது கேட்டிருக்கும். குழந்தையை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகவில்லை.

மாடுகள் திரும்பும் நேரத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் பிடித்த திரையை விலக்கியதும் எல்லோரும் அட்சதை போட்டோம். சகுணாவைத் திரைக்கு இந்தப் பக்கம் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்தியது நான்தான். அவள் விரல் சில்லென்று இருந்தது. கோண்டாஜி பந்தியில் போளியைத் தொடவில்லை, வயிறு சரியில்லை என்றார். மறுநாள் காலையில் வண்டி ஏறும்போது சகுணா ஓடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ரக்மா அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து நான் கிர்ஜா வீட்டுக்குப் போனேன். துளசா கொடுத்த ஒரு படி வெல்லமும் ஒரு துண்டு சிவப்புத் துணியும் என் கையில். நடுப்பகல் என்பதால் தெருவில் ஆள் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை தொட்டிலில் தூங்கியது. அதன் தலை முழுக்க மஞ்சள் பொடி. கிர்ஜாவின் பாதம் இரண்டும் வெடித்து வீங்கியிருந்தன.

“ஜேஜுரி போயிட்டு வந்தேன்” என்றாள். “வெறுங்காலோட. பொய் சொல்லிட்டேன், பிள்ளையை விட்டுடு, என்னை எடுத்துக்கன்னு சொல்லிட்டு வந்தேன். எடுத்துக்க மாட்டாரு. சாமிக்கும் நீலம் ஆகாதோ என்னவோ.” சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“புருஷன் என்ன சொன்னான்?”

“அடிச்சான். சிவப்புக்காரங்களுக்காகப் பிள்ளைத் தலையில கை வச்சியான்னு. நியாயம்தானே? விடுங்க. பொண்ணு போயிட்டாளா? அழுதாளா?”

“அழுதா.”

“அழட்டும், நல்லது.” எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு செம்புத் தண்ணீர். விளிம்பு வரை நிறைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கண்ணே.”

அவள் கெஞ்சவில்லை, சவால் விடவும் இல்லை. வீட்டுக்கு வந்தவனுக்குக் கொடுக்கிற தண்ணீர், அவ்வளவுதான். நான் செம்பை வாங்கினேன். தாகம் இருந்தது. தெருவைப் பார்த்தேன். எதிர் வீட்டுக் கூரை நிழலில் ஒரு கிழவன் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நீலத் தெருக்காரன்தான். ஆனால் வாய் எல்லாத் தெருவுக்கும் போகும். நான் குடித்தது ரக்மா காதுக்குப் போனால், “தாய்மாமன் குடிக்கிற வீடு, பொண்ணு குடிக்காத வீடா?” என்பாள். சகுணாவை அடுத்த வண்டியில் திருப்பி அனுப்புவாள். இப்படித்தான் நினைத்தேன். இல்லை, முழுக்க அப்படி இல்லை. கொஞ்சம் அருவருப்பும் இருந்தது. அவள் பொய் சொன்னபோது வராத அருவருப்பு செம்பு கையில் வந்ததும் வந்தது.

நான் குனிந்து அந்தத் தண்ணீரை என் காலில் ஊற்றினேன். வெயிலில் வந்தவன் கால் கழுவுகிறவன் மாதிரி. முதலில் இந்தக் கால், பிறகு அந்தக் கால். செம்பு காலியாகும்வரை ஊற்றினேன்.

கிர்ஜா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கால் கழுவ அந்தப் பானையில இருக்கேண்ணே” என்றாள். “இது குடிக்கறதுக்கு மண்பானையில குளிர வச்சது.”

செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இன்னொரு செம்பு கொண்டுவரவில்லை. வெல்லத்தையும் துணியையும் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்த இரண்டும் ஓடையில் எங்கள் கரைப் பக்கக் கல்லில் இருந்தன.

ஒரு மாதம் ஆகிறது. சகுணா நன்றாக இருக்கிறாள், அவள் சமைத்ததை மாமியார் சாப்பிடுகிறாள் என்று சேதி வந்தது. அந்தச் சேதியைக் கிர்ஜாவிடம் சொல்ல வேண்டும். ஓடை வரைக்கும் நாலு தடவை போய்த் திரும்பிவிட்டேன். துளசா, “விடுண்ணே, பொண்ணு வாழ்க்கை முக்கியம்” என்கிறாள். கோண்டாஜி, “அந்தப் பேச்சையே எடுக்காதே” என்கிறார். அவர்கள் இரண்டு பேரும் எங்கள் தெருக்காரர்கள். அவர்கள் சொல்லும் பதில் எனக்குப் போதவில்லை.

அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் சரி. அந்தச் செம்பு உங்கள் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இப்போது நான் அந்த வீட்டு வாசலில் போய், தண்ணீர் கொடு என்று நானாகக் கேட்கலாமா? கேட்டால் சகுணாவுக்கு ஆபத்து. கேட்காமல் என்னால் சாப்பிட முடியவில்லை. எனக்கு ஆறுதல் வேண்டாம். போ, அல்லது போகாதே, இரண்டில் ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.